வடக்குக்கு ஒரு மந்திரி

மந்திரிசபைப் பட்டியலைக் கடைசிப் பெயர் வரை படித்திருக்கிறீர்களா? பதவியேற்ற மறுநாள் பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவார்கள். நாம் முதல் ஐந்தாறு பெயரைப் பார்ப்போம். நம்ம ஊர்க்காரர் யாராவது தேறியிருக்கிறாரா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான், அடுத்த பக்கம்.

பொறுமையாகப் படித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலான இலாகாக்களுக்கு ஒரு பொருளின் பெயரோ வேலையின் பெயரோ இருக்கும். நிதி, ரயில்வே, உருக்கு, உரம், ஜவுளி. சிலவற்றுக்கு மனிதர்களின் பெயர். தொழிலாளர், மகளிர், சிறுபான்மையினர். எப்போதாவது ஒரே ஒரு இலாகாவுக்கு மட்டும் ஒரு திசையின் பெயர் இருக்கும். வடக்கு, வடகிழக்கு என்கிற மாதிரி. கவனியுங்கள், தலைநகரம் இருக்கிற பக்கத்துக்கு யாரும் தனியாக மந்திரி போடுவதில்லை. தூரமாக, கை எட்டாமல், கொஞ்சம் தலைவலியாகவும் இருக்கிற பக்கத்துக்குத்தான் போடுவார்கள்.

தில்லியில் அப்படி ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பிராந்திய வளர்ச்சி அமைச்சகம். 2001-ல் வாஜ்பாய் ஆட்சியில் ஒரு துறையாக ஆரம்பித்து, 2004-ல் முழு அமைச்சகமானது. அஸ்ஸாம், மணிப்பூர், மிசோரம் என்று எட்டு மாநிலங்கள் அதன் பொறுப்பு. 2006-லிருந்து 2009 வரை அந்த மந்திரி யார் தெரியுமா? நம்ம மயிலாடுதுறை எம்.பி. மணிசங்கர் அய்யர். காவிரிக்கரையில் ஓட்டு வாங்கியவர், பிரம்மபுத்திராவுக்கு மந்திரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கெட்டிக்காரர், படித்தவர். ஆனால் ஒரு சின்ன வித்தியாசத்தைப் பாருங்கள். மயிலாடுதுறைக்காரர்கள் நினைத்தால் அவரைத் தோற்கடிக்கலாம். 2009 தேர்தலில் தோற்கடிக்கவும் செய்தார்கள். ஐஸ்வாலில் இருக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. தன் பெயரில் இருக்கிற மந்திரியை அவர் வரவேற்கலாம், மனு கொடுக்கலாம். மாற்ற முடியாது.

கனடாவில் 1953-ல் ஓர் அமைச்சகத்தின் பெயரில் முதல்முறையாக 'வடக்கு விவகாரம்' என்று சேர்த்தார்கள். அதே 1953-ல்தான் வட கியூபெக்கில் இருந்த இனுயிட் குடும்பங்கள் சிலவற்றைக் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியனே வராத தீவுகளில் கொண்டுபோய் இறக்கியது அரசாங்கம். வேட்டை நன்றாகக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வாக்கு காற்றோடு போயிற்று. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010-ல். கேட்டவர் வடக்குக்கான அமைச்சர். போனவர்களில் பலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள்.

எதற்கு இந்த மந்திரி புராணம் என்கிறீர்களா? இதை என் தலைக்குள் போட்டவர் ஒரு பெயின்டர். போட்ட இடம், மரக்காணம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, இறங்கியிருக்க மாட்டீர்கள். சாலையோரம் சதுரம் சதுரமாகப் பாத்திகள். பாத்திகளின் ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள். சில குவியல்களைத் தென்னங்கீற்று போட்டு மூடியிருப்பார்கள். காருக்குள் இருந்து பார்த்தால் அழகுதான். இறங்கி நின்றால் ஐந்து நிமிஷத்தில் கண் கூசி நீர் வரும். அதனால்தான் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் இருட்டோடு வந்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்ததை வாரிவிடுகிறார்கள்.

உப்பு எடுப்பது, தண்ணீரை வெயிலில் காயவைக்கிற வேலைதானே என்று நினைக்காதீர்கள். பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றி மாற்றி, கனம் ஏற்ற வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். 24, 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கும். அதற்குள் ஒரு மழை அடித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் தண்ணீருக்குள் கிடந்தன. நான் போனது அதற்கு அடுத்த ஏப்ரலில். வரப்பு கட்டி, சேறு வழித்து, மறுபடி உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. நம் அரசியல் சட்டத்தில் உப்பு மத்திய அரசின் சமாசாரம். மத்தியப் பட்டியலில் 58-வது இனம். உப்பு ஆணையரின் தலைமையகம் இருப்பது ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில். மரக்காணம் உப்பளங்களில் ஒரு பகுதி மத்திய அரசின் நிலம். மழைக்காலத்தில் வேலையில்லாத தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று ஏற்பாடு செய்தது மாநில அரசு. உப்பு வாருகிறவரின் வயிறு சென்னைக் கணக்கில், வாருகிற உப்பு தில்லிக் கணக்கில்!

அந்தச் சாலையோர டீக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு உப்பு மூட்டை பிடிக்கிற ஷெட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் நீலப் புள்ளி. நாற்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க, புதுசாப் பாக்கற மாதிரி?" என்றேன்.

"புதுசில்லை ஐயா. எங்கட அப்பா உப்பளத்திலதான் வேலை செய்தவர்."

"இங்கயா?"

"இல்லை. ஆனையிறவு."

கீழ்புத்துப்பட்டு முகாம்காரர். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி 100-க்கும் மேற்பட்ட முகாம்கள், 50,000-க்கும் அதிகமான மனிதர்கள். 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். இவர் 1990-ல் வந்தவர். அப்போது பன்னிரண்டு வயசு. மன்னாரிலிருந்து படகு, ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் இங்கே. பேச்சில் பாதி கிளிநொச்சி, பாதி விழுப்புரம்.

ஆனையிறவு என்றதும் உங்களுக்கு யுத்தம்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டை மற்ற இலங்கையோடு ஒட்டவைத்திருக்கிற ஒரு ஒடுக்கமான நிலம் அது. அந்த இடத்தைப் பிடித்தவர் கையில் யாழ்ப்பாணத்தின் கதவு. அதனால் அதற்காக மாற்றி மாற்றி ரத்தம் சிந்தினார்கள். 1991-ல் ஒரு பெரும் போர். 2000 ஏப்ரல் 22-ல் புலிகள் பிடித்தார்கள். 2009 ஜனவரியில் ராணுவம் திரும்பப் பிடித்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அது ஓர் உப்பளம். நாட்டுக்கே உப்புப் போட்ட இடங்களில் ஒன்று. 1990-ல் சண்டை தொடங்கியதும் உற்பத்தி நின்றுபோனது. இவருடைய அப்பா பலகையைப் போட்டுவிட்டுப் படகேறியதும் அப்போதுதான்.

மேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். மரக்காணத்திலிருந்து ஆனையிறவு நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து ஆனையிறவும் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர்தான்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். 2025 மார்ச் கடைசியில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்திருந்தார்கள். கைத்தொழில் அமைச்சர் சுனில் ஹந்துன்நெத்தி வந்து திறந்துவைத்தார். நல்ல சேதிதான். அந்த வருஷத் தொடக்கத்தில், சுற்றிலும் கடல் இருக்கிற அந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்துகொண்டிருந்தது. மழையில் உற்பத்தி கெட்டுப்போய்விட்டது. அப்படிப்பட்ட சமயத்தில் ஆனையிறவு எழுந்து நின்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஆனால் பாக்கெட்டில் போட்ட பெயர் 'ரஜ லுணு'. சிங்களத்தில் ராஜ உப்பு என்று அர்த்தம். ஆனையிறவு உப்பு என்று வைத்தால் என்ன என்று வடக்கில் கேள்வி எழுந்தது. எம்.பி.க்களும் கேட்டார்கள்.

"உப்பு எங்கட உப்புத்தான். பேர் மட்டும் கொழும்பில வச்சது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"உங்க பக்கத்துக்குன்னு தனியா ஒரு மந்திரி இருந்தா இதையெல்லாம் கேப்பாரில்லையா?" என்று நானாக ஒரு யோசனை சொன்னேன். நமக்கு எதற்கெடுத்தாலும் ஒரு மந்திரி வேண்டும்.

"இருந்தவங்கள் ஐயா. வடக்குக்கெண்டே மந்திரி இருந்தவங்கள். ஒருத்தர் இல்லை, கன பேர்."

வீட்டுக்கு வந்து பட்டியலைத் தேடி உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரிதான்.

2000 அக்டோபரில் சந்திரிகா ஆட்சியில் டக்ளஸ் தேவானந்தா வடக்கின் அபிவிருத்தி, புனர்வாழ்வுக்கு அமைச்சரானார். யாழ்ப்பாணத்துத் தமிழர், யாழ்ப்பாணத்து எம்.பி. ஆனால் அந்தச் சமயத்தில் வன்னி அரசாங்கத்தின் கையில் இல்லை. ஆனையிறவு ஆறு மாதம் முன்னால்தான் கைவிட்டுப் போயிருந்தது. இலாகா முழுசாக இருக்கிறது, இலாகாவுக்கான நிலத்தில் பாதிக்குக் கால் வைக்க முடியாது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்ததும் வடக்குக்காக ஒரு ஜனாதிபதி செயலணி போட்டார்கள். தலைவர், ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் தம்பி பசில் ராஜபக்ச. 'வடக்கின் வசந்தம்' என்று திட்டத்துக்குப் பெயர். வடக்கின் ஆளுநர் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ மேஜர் ஜெனரல்.

அடுத்தது 2018. இந்த ஒரு வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மே மாதம், மீள்குடியேற்றத்தோடு வடக்கு அபிவிருத்தியும் சேர்ந்த அமைச்சர், டி.எம். சுவாமிநாதன். அக்டோபர் கடைசியில் ஜனாதிபதி சிறிசேன திடீரென்று பிரதமரையே மாற்றினார். அந்தக் குழப்பத்தில் அதே இலாகா டக்ளஸ் தேவானந்தாவுக்கு. டிசம்பரில் ரணில் விக்கிரமசிங்க மறுபடி பிரதமராக வந்தார், வடக்கு அபிவிருத்தியைத் தானே வைத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் மூன்று பேர். கிளிநொச்சியில் ஒருத்தர் மே மாதம் கிணறு வெட்ட மனுப் போட்டிருந்தால், டிசம்பருக்குள் மூன்று பேருக்கு முகவரி மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. புதுப் பட்டியலில் அந்த இலாகாவே இல்லை.

இதே 2018 அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. வடக்கு மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987-ல் இந்தியாவின் முயற்சியால் வந்த 13-வது சட்டத் திருத்தத்தில்தான் மாகாண சபைகள் பிறந்தன. வடக்கு மாகாணத்துக்கென்று தனியாக முதல் தேர்தல் நடக்க 2013 செப்டம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 38 இடத்தில் 30 இடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி விக்னேஸ்வரன் முதலமைச்சர். ஐந்து வருஷம். எல்லாம் பிரமாதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆளுநரோடு சண்டை, சபைக்குள்ளேயே சண்டை, அதிகாரம் பத்தாது என்கிற புலம்பல். ஆனாலும் அது அவர்கள் ஓட்டுப் போட்டு வைத்த சபை. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளலாம் என்கிற சபை. ஐந்து வருஷம் முடிந்தது, அடுத்த தேர்தல் வரவில்லை. வருஷங்கள் ஓடின, வரவே இல்லை.

ஆக, அந்த அக்டோபரில் வடக்கு மக்கள் தேர்ந்தெடுத்த சபை காலியானது. கொழும்பில் தேர்ந்தெடுத்த வடக்கு மந்திரி நாற்காலி மட்டும் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு, திசைக்கு மந்திரி போடுவதே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேச ஆரம்பித்தேன். பெயின்டர்தான் நிறுத்தினார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க ஐயா. வேலை நடந்தது. ரோட்டு வந்தது. ரயில் வந்தது. அண்ணனுக்கு வீடு வந்தது."

உண்மை. 1990-ல் நின்ற யாழ்தேவி 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. அந்தத் தண்டவாளத்தைப் போட இந்தியா கடன் கொடுத்தது. இந்தியா கட்டித் தருவதாகச் சொன்ன 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும்தான். கொழும்பில் யாரோ ஒருவர் 'இது என் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடாமல் இவையெல்லாம் நகர்ந்திருக்காது. தூரத்தில் இருக்கிற இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும்தான். தலைநகரத்து மேஜையில் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல ஒரு குரல் வேண்டும். நம் வடகிழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அமைச்சகம் வேண்டாம், மூடிவிடுங்கள் என்று எட்டு மாநிலமும் கேட்கவில்லையே.

"அப்புறம் என்னதான் பிரச்சினை?" என்றேன்.

டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் ஒரு கணக்குச் சொன்னார். நான் அதிலிருந்து இன்னும் மீளவில்லை.

"எனக்கு ரெண்டு பக்கமும் மந்திரி இருந்தவங்கள் ஐயா. அங்க மீள்குடியேற்றத்துக்கு ஒரு அமைச்சர். நான் திரும்பிப் போனா என்னைக் குடியேத்துற பொறுப்பு அவருக்கு. இஞ்ச மறுவாழ்வுக்கு ஒரு அமைச்சர். நான் இருக்கிற வரைக்கும் என்னைப் பாக்குற பொறுப்பு இவருக்கு. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுவாங்க. ஆனா ரெண்டு பேருக்குமே என்ட ஓட்டுத் தேவையில்லை. எனக்கு ஓட்டே இல்லையே."

யோசித்துப் பாருங்கள். அவர் இலங்கைப் பிரஜை. ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஓட்டுப் போட அந்த நாட்டில் வழி இல்லை. இங்கே முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறார். ஆனால் இந்தியப் பிரஜை இல்லை. 2019-ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்காரர்களுக்கு இடமில்லை. அவருடைய மகள் இங்கே பிறந்து, இங்கே படித்து, பி.காம். முடித்திருக்கிறாள். அம்மா அப்பா இருவரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் இந்தக் காலத்தில் பிறப்பால் குடியுரிமை. அதனால் அவளும் எந்த வாக்காளர் பட்டியலிலும் இல்லை. ஆனையிறவைப் பார்த்ததே இல்லாத அந்தப் பெண்ணும் ஆவணத்தில் இலங்கைத் தமிழர்தான்.

"திரும்பிப் போற யோசனை உண்டா?"

"மகள் வரமாட்டன் எண்டுறாள். மனுசிக்குப் பயம். எனக்கு..." என்று நிறுத்தி, பாத்திகளைக் காட்டினார். "எனக்கு அங்க போய் உப்பு வாரத் தெரியாது ஐயா. அப்பாவுக்குத்தான் தெரியும். அவர் முகாமிலேயே செத்துட்டார்."

அப்புறம் ஒரு போட்டோ காட்டினார். பழைய போட்டோ, போன் மாற்றும்போதெல்லாம் மறக்காமல் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். வேறொன்றும் இல்லை. ஒரு கை. அந்தக் கையின் சுண்டுவிரலில் மை. 2013 செப்டம்பரில் கிளிநொச்சியில் அண்ணன் ஓட்டுப் போட்டுவிட்டு அனுப்பியது.

"இத ஏன் வச்சிருக்கீங்க?"

"சும்மாதான்" என்றார். வெட்கப்பட்டார் மாதிரி இருந்தது. "எங்கட வீட்டில ஒருத்தராவது போட்டாரே எண்டு."

நான் எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். யார் வந்தால் என்ன என்று சலித்துக்கொண்டு போட்டதும் உண்டு. மழை பெய்தது என்று வீட்டிலேயே உட்கார்ந்து டி.வி. பார்த்ததும் உண்டு. நீங்களும் அப்படி இருந்திருக்கலாம். நம் ஓட்டில் மந்திரியான எவரும் நம்மைத் தேடி வந்து குறை கேட்பதில்லை, உண்மைதான். ஆனாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம்மைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் உள்ளுக்குள் உதறும். அந்த உதறலில்தான் நம் ஊருக்கு ரோடு வருகிறது. சரியாக வராவிட்டாலும், ஏன் வரவில்லை என்று சத்தம் போடவாவது முடிகிறது. வடக்குக்கு எத்தனை மந்திரி வந்தாலும் அந்த உதறல் வடக்கைப் பார்த்து வரவில்லை என்றால், வருகிற ரோடும் ரயிலும் தானமாகத்தான் வரும். தானம் கொடுக்கிறவர் பாக்கெட்டில் தன் பாஷையில் பெயர் எழுதுவார். வேண்டாம் என்று சொல்ல வாங்குகிறவருக்கு எங்கே இடம் இருக்கிறது?

கிளம்பும்போது கேட்டேன், "நாளைக்கே வடக்குக்குன்னு மறுபடியும் ஒரு மந்திரி போட்டா சந்தோஷப்படுவீங்களா?"

பிரஷ்ஷை டப்பாவுக்குள் முக்கி, விளிம்பில் வழித்துக்கொண்டே சொன்னார்:

"போடட்டும் ஐயா, நல்லதுதான். அவர் சரியில்லை எண்டா ஆரிட்டச் சொல்லி மாத்துறது எண்டு மட்டும் அண்ணனுக்குச் சொல்லிவிட்டாக் காணும்."